இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவருக்கும் ஒரு வகுப்பறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிக் கல்வி வெறும் கண்துடைப்பு, கொரோனாக் காலத்திலேயே அதன் சாயம் வெளுத்துவிட்டது என்ற பொருளில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் சில கடிதங்கள் வெளிவந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெற்றோர்களும் பள்ளி ஆசிரியர்களும். பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த என் இளைய மகள், அந்த இடைவெளியில் அதையும் மறந்து, ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசிக்குப் பக்கத்திலேயே தலைசாய்த்துத் தூங்கியதை நேரில் பார்த்தவன் நான். சிறு குழந்தைக்கு ஆசிரியரின் பார்வை வேண்டும், பக்கத்தில் உட்கார ஒரு தோழி வேண்டும், மணி அடித்ததும் ஓடுவதற்கு ஒரு திடல் வேண்டும். இவற்றில் எதையும் திரை தராது. ஆனால் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைக்கும் நாற்பது வயதுக்காரரையும் அளந்து, அவருக்கும் இது ஆகாது என்று முடிவு கட்டுவது சரியல்ல. அளவெடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன்: துளையை அளக்கும் கேஜைக் கொண்டு தண்டை அளக்க முடியாது.

கோவைக்கு அருகே வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தர ஆய்வாளராக இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டேன். அப்பாவின் உடல்நிலையும் தங்கையின் திருமணமும் முன்னால் நின்றதால் மேற்படிப்பைப் பற்றிப் பேச அப்போது வீட்டில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் விட்டுப்போகவில்லை. டிப்ளமா முடித்து வேலையில் இருப்பவர்களுக்காக மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. நடத்தும் நல்ல கல்லூரிகள் கோவையில் உண்டு. அப்படி ஒன்றில் விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து, பூர்த்தி செய்து, சான்றிதழ் நகல்களை இணைத்து, அனுப்பாமலே வைத்துவிட்டேன். ஏன் அனுப்பவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் மையம் என்பதால் அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எங்கள் ஆலையில் மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை, இரண்டு முதல் இரவு பத்து வரை, பத்து முதல் மறுநாள் காலை ஆறு வரை. வாரத்துக்கு ஒன்றாக இது சுழலும். மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்றால், முதல் ஷிஃப்ட் வாரத்தில் போய்விடலாம். நைட் ஷிஃப்ட் வாரத்தில்கூட வகுப்பை முடித்துக்கொண்டு அப்படியே வேலைக்கு ஏறிவிடலாம். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் எந்த வழியும் இல்லை. மூன்று வாரத்தில் ஒரு வாரம் முழுதாகப் போய்விட்டால், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், ஒரு நாள்கூட ஓவர்டைம் பார்க்காமல் இருந்தாலும் வருகைப் பதிவு 67 விழுக்காட்டைத் தாண்டாது. தேர்வெழுத 75 விழுக்காடு வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் படிவத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். கல்லூரியின் மீதும் குற்றமில்லை, ஆலையின் மீதும் குற்றமில்லை. இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் தேவை. மாணவன் வகுப்பில் இருக்க வேண்டும் என்பது இவர்கள் விதி. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுப் படிப்பை விட்டவர்கள் கோவையிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை, ஷிஃப்ட் முடிந்து ஆலைப் பேருந்துகளிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தாலே ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

வேலையில் இருப்பவரும் படிக்கட்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்து வந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் நம் மாநிலத்துக்கென்றே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன. என் தாய்மாமா மில் வேலையில் இருந்துகொண்டே மதுரையில் பி.காம். பதிவு செய்தவர். தபாலில் வரும் பாடக்கட்டுகளைப் பிரித்து, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிப்பார் என்று அம்மா சொல்வார். அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான்: புரியாத இடத்தில் கேட்க ஆள் இல்லை. அச்சடித்த தாள் ஒருமுறை சொன்னதையே மறுமுறையும் சொல்லும். அடக்கவிலைக் கணக்கில் சிக்கிக்கொண்டு, இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டார். இப்போது அறுபதுகளின் கடைசியில் இருக்கும் அவர், நான் கைப்பேசியில் பாடம் கேட்பதைப் பார்த்துவிட்டு, “இதை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்ல முடியுமாடா?” என்று கேட்டார். முடியும் மாமா என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் தொடங்கியது என்பிடெல் வழியாக. 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் இது. அதன் பாடங்கள் 2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் கிடைக்கின்றன. பாடத்தில் சேரவும் படிக்கவும் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும்; நான் எழுதியபோது ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். வாரந்தோறும் விரிவுரைகள் வரும், அதோடு ஒரு ஒப்படைப்பும் (அசைன்மென்ட்) வரும். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் மதிப்பெண் 25 விழுக்காடாகவும், இறுதித் தேர்வு 75 விழுக்காடாகவும் கணக்காகும். அந்த எட்டு என்ற எண்ணை வகுத்தவருக்கு ஷிஃப்ட் தொழிலாளி யாரென்று தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 12 வாரத்தில் நான்கு வாரம் நம் கையில் இல்லாமல் போனாலும் படிப்பு போகாது. என்னுடைய இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களும் சரியாக நான்குதான். இறுதித் தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. தேர்வு மையத்துக்கு நேரில் போய், அடையாள அட்டையைக் காட்டி, கண்காணிப்பில் உட்கார்ந்து எழுத வேண்டும். இணையத்தில் படித்தவன் பார்த்தெழுதித்தான் தேறியிருப்பான் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் எடுத்தது தரக் கட்டுப்பாடு பற்றிய பாடம். முதல் இரண்டு வாரங்கள் திணறினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை; கணக்கு கையை விட்டுப்போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நான்காம் வாரத்திலோ ஐந்தாம் வாரத்திலோ கட்டுப்பாட்டு வரைபடம் பற்றிய விரிவுரை வந்தது. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆலையில் என் அன்றாட வேலை இது: மணிக்கொரு முறை லேத்திலிருந்து ஐந்து உருப்படிகளை எடுத்து, மைக்ரோமீட்டரில் விட்டம் அளந்து, ஐந்தின் சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசமான வீச்சையும் எழுதி, கட்டுப்பாட்டு வரைபடமான சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். சார்ட்டின் மூலையில் 0.577 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். சராசரி வீச்சை அந்த எண்ணால் பெருக்கி, நடுக்கோட்டோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. 17 ஆண்டுகளில் அந்த எண்ணை எத்தனை ஆயிரம் முறை கால்குலேட்டரில் அழுத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஏன் 0.577, ஏன் 0.6 அல்ல, என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருந்ததா என்பதும் ஐயமே. விரிவுரையாளர் பலகையில் எழுதினார்: ஐந்து ஐந்தாக எடுத்து அளக்கும்போது கிடைக்கும் வீச்சு, சராசரியாகத் திட்ட விலக்கத்தைப் போல, அதாவது உருப்படிகளின் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சொல்லும் எண்ணைப் போல, 2.326 மடங்கு இருக்கும். ஐந்தின் சராசரி, தனி உருப்படியைவிட ஐந்தின் வர்க்க மூல மடங்கு குறைவாகவே சிதறும்; எல்லைகளை அந்தச் சிதறலைப் போல மூன்று மடங்கு தொலைவில் வைக்கிறோம். ஆகவே மூன்றை 2.326ஆலும் ஐந்தின் வர்க்க மூலத்தாலும் வகுக்க வேண்டும். நிறுத்தினேன். நோட்டில் நானே வகுத்துப் பார்த்தேன். 0.577 வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலை நேரம் அது. மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குப் போய் அவரிடம் நோட்டைக் காட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் என் முகத்தைப் பார்த்து, “உட்காருங்க, காப்பி தர்றேன்” என்றார். அந்த விரிவுரையின் அந்த ஏழெட்டு நிமிடங்களை அன்று மட்டும் நான்கு முறை கேட்டேன். வகுப்பறையில் கை தூக்கி நான்கு முறை கேட்க எனக்குத் துணிவு வந்திருக்காது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரர் யாருக்குமே வராது.

அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். இரவு எட்டரை மணி இருக்கும், கணினி இயக்கும் ஒரு சிஎன்சி லேத்தில் வெளிவிட்டம் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் தொடர்ந்து ஏழு புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்திருந்தன. அப்படி விழுந்தால் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று சார்ட்டின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. அதை நானும் ஆபரேட்டரும் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறோம், எல்லையைத் தாண்டும்வரை ஓட்டியும் இருக்கிறோம். நிறுத்தச் சொன்னேன். “ஏனுங்கண்ணா, ஸ்பெக்குக்குள்ளதான இருக்குது?” என்றார் அந்தத் தம்பி. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தேன். சுண்டினால் பூவா தலையா என்பது சரிபாதி. ஏழு முறை சுண்டி ஏழு முறையும் தலையே விழுந்தால் நீ என்ன நினைப்பாய் என்று கேட்டேன். “காசுல ஏதோ இருக்குதுங்க” என்றார். அதேதான் இது, தற்செயலாக இப்படி நடப்பதற்கு 128இல் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது, மெஷினில் ஏதோ இருக்கிறது என்றேன். உலோகத்தை வெட்டும் சில்லான இன்சர்ட்டைக் கழற்றிப் பார்த்தோம், முனை மழுங்கியிருந்தது. மாற்றிவிட்டு, வெட்டும் அளவைச் சரிசெய்யும் ஆஃப்செட்டைத் திருத்தி, பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டினார். முன்பெல்லாம் இது எல்லை தாண்டிய பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு, கடைசி ஒரு மணி நேரத்து உருப்படிகள் முழுவதையும் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க வேண்டியிருக்கும். அந்தத் தம்பி இப்போது ஆறாவது புள்ளியிலேயே என்னைக் கூப்பிடுகிறார்.

வேலையில் இருப்பவருக்கு இணையவழிக் கல்வியால் என்ன நன்மை என்று கேட்டால் நேரமும் பயணமும் பணமும் மிச்சம் என்பார்கள். உண்மைதான், அதை யாரும் சொல்லிவிடலாம். என் பட்டறிவில் அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. படித்த பாடத்தைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு இடம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரி மாணவன் இன்று படிக்கும் பாடத்தை நான்கு ஆண்டு கழித்து வேலையில் சந்திக்கிறான். அதற்குள் பாதி மறந்துவிடுகிறது. நான் திங்கட்கிழமை காலை கேட்டதை வியாழக்கிழமை இரவு லேத்தின் முன்னால் நின்று பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை வேலையில் இருப்பவர் ஜிஎஸ்டி பாடத்தைக் கேட்டால், மறுநாள் தன் முதலாளியின் விலைச்சிட்டையிலேயே அதைச் சோதித்துக்கொள்கிறார். அங்கன்வாடிப் பணியாளர் குழந்தை ஊட்டச்சத்துப் பற்றிக் கேட்டால், எடை பார்க்கும் அட்டவணை அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் இந்தப் பயன் கிடைக்காது. வேலையோடு படிக்க வேண்டும் என்றால், நான் மேலே போட்ட ஷிஃப்ட் கணக்கின்படி, பதிவு செய்யப்பட்ட பாடத்தைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் பணிபுரியும் ஒரு சகோதரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் திருமணம் ஆகிவிட்டது. சரக்கு வரவு, இருப்பு ஆகியவற்றைக் கணினியில் பதியும் வேலை. இப்போது சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் படிக்கிறார். 2020இல் தொடங்கிய படிப்பு அது. ஜேஇஇ தேர்வு தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் கேட்டு, அதில் நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. ஆண்டுக்கு மூன்று பருவம். ஒரு பருவத்துக்கு எத்தனை பாடம் என்பதை மாணவரே முடிவு செய்யலாம், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டலாம், வருமானம் குறைந்த குடும்பத்தினருக்குச் சலுகையும் உண்டு. அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிகள் இருப்பதால், எந்தப் படியில் நின்றாலும் அதுவரை படித்தது வீணாவதில்லை. தேர்வுகள் இங்கும் நேரில்தான். அந்தச் சகோதரி அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஐந்தரை வரை படிக்கிறார். பிறகு சமையல், குழந்தையின் பள்ளி, ஆலைப் பேருந்து. முதலில் பருவத்துக்கு இரண்டு பாடமாக எடுத்தவர், மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு பாடமாகக் குறைத்துக்கொண்டார். “கொழந்தைக்குக் காய்ச்சல்னா நிறுத்தி வெச்சுட்டு, சரியானதும் விட்ட எடத்துலருந்து பார்த்துக்கறனுங்கண்ணா. எந்தக் காலேஜு அப்படிக் காத்திருக்கும்?” என்று ஒருநாள் கேன்டீனில் சொன்னார். திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். பேருந்து ஏறி மாலைக் கல்லூரிக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்ப வீட்டில் அனுமதி கிடைக்காதவர்களுக்கு, வீட்டு மேசையிலேயே விடியற்காலையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் பெரிய காரியம். இணையவழிக் கல்வி தோற்றது என்று எழுதுபவர்கள் இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எங்கள் பிரிவிலேயே என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் தேர்வுவரை வந்தவர்கள் இருவர்தான். தனியாகப் படித்த மூவரும் விட்டுவிட்டார்கள். ஒப்படைப்பைச் சேர்ந்து உட்கார்ந்து போட்ட நாங்கள் இருவரும் முடித்தோம். ஆகவே சேர்கிறவர்கள் துணைக்கு ஒருவரையாவது சேர்த்துக்கொள்வது நல்லது. ஏமாற்று வேலைகளும் நடக்கின்றன. ஆறே மாதத்தில் ஆன்லைன் பி.இ. வாங்கித் தருகிறோம் என்ற ஒரு தரகரிடம் என் நண்பர் ஒருவர் சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்து இழந்தார். பொறியியல், மருத்துவம், செவிலியர் போன்ற பட்டங்களை இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை என்பது தெரிந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. மற்றப் பாடங்களில், அனுமதி பெற்ற நிறுவனம் வழங்கும் இணையவழிப் பட்டமும் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானதே என்று மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எந்தக் கல்லூரிக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பு அதைப் பார்த்துவிட வேண்டும்.

இவற்றைவிட எனக்கு அதிகம் வருத்தம் தருவது மொழி. நான் கேட்ட விரிவுரைகள் முழுவதும் ஆங்கிலம். டிப்ளமா படித்த எனக்கே வேகம் பிடிபடப் பல நாள் ஆயிற்று. ஐடிஐ முடித்து, என்னைவிட நன்றாக மெஷினின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடிய ஆபரேட்டர்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். தமிழில் முடியாது என்பதல்ல. உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கத் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நாம் தொடங்கியது 2001இல். இணையவழிக் கல்வியின் அருமையை உணர்ந்து முன்னால் நின்ற மாநிலம் நம்முடையது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கணினி மென்பொருள் பாடங்கள் பல தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. எங்கள் ஸ்டோர்ஸ் உதவியாளர் ஒருவர் விரிதாள் போடக் கற்றுக்கொண்டது அதில்தான். என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் வந்திருக்கிறது. ஆனால் மெஷின் ஓட்டுபவருக்கும் வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும், அவரவர் தொழிலில் புழங்கும் சொற்களிலேயே, ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் பட்டறையில் நின்று சொல்லித்தருவதுபோல் 12 வாரப் பாடங்கள் வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர முன்வந்திருக்கும் அரசு, கல்லூரியைத் தாண்டி வந்துவிட்ட எங்களுக்கும் அதில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திடம் தமிழில் பாடம் எழுதும் பழக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பட்டறைகளும் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒரு கேமராவின் முன்னால் கொண்டுவருவது அரசுக்கு இயலாத செயலல்ல.

நிறுவனங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. தேர்வு நாளில் ஷிஃப்டை மாற்றித் தாருங்கள். என் தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருந்தது. சனிக்கிழமை இரவு எனக்கு நைட். மாற்றிக் கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். இரவு முழுவதும் நின்றே வேலை பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஆலையின் கழிப்பறையிலேயே முகம் கழுவி, சட்டை மாற்றி, இரண்டு பேருந்து பிடித்து மையத்துக்குப் போனேன். மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாவது மணி நேரத்தில் கணினித் திரையின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. 61 மதிப்பெண் வந்தது. அறுபதைத் தாண்டியதால் சான்றிதழில் எலைட் என்ற சொல்லும் இருக்கிறது. ஒரு இரவு தூங்கிவிட்டு எழுதியிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்ற ஆதங்கம் இன்றும் போகவில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள்தான் இந்தத் தேவை வரும். பயிற்சிக்கென்று வெளியாட்களை அழைத்து, ஓட்டல் அரங்கில் ஒரு நாள் உரையும் விருந்தும் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள், தன் சொந்தப் பணத்தில், சொந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்கும் தொழிலாளிக்கு அந்த இரண்டு நாளைத் தர யோசிக்கக் கூடாது. அதோடு, இப்படிப் பெற்ற சான்றிதழைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுங்கள். நான் கொடுத்த நகலைப் பெற்றுக்கொண்டவர், இதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை என்றார். ஒரு கட்டம் போட்டால் போதும்.

படிக்க இடமும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே விளக்கைப் போட முடியாமல், மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசி வெளிச்சத்தில் பாடம் கேட்பவர்களை எங்கள் குடியிருப்பிலேயே காட்ட முடியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்காக நூலகங்களில் தனி அறை ஒதுக்கியிருப்பதைப்போல், ஆலைகள் மிகுந்த பகுதிகளிலாவது ஒரு கிளை நூலகத்தை இரவு பதினொரு மணிவரை திறந்துவைத்து, இணைய இணைப்பும் நான்கைந்து கணினிகளும் வைத்தால், இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருபவரும் அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அரசுப் பணித் தேர்வு அறிவிப்புகளையும் கல்லூரிச் சேர்க்கைத் தேதிகளையும் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அதைப் பார்த்தே எங்கள் பகுதியில் பலர் விண்ணப்பிக்கிறார்கள். அதேபோல் ஜனவரி, ஜூலைப் பருவங்கள் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாக, இணையத்தில் என்னென்ன பாடங்கள் வருகின்றன, கடைசித் தேதி எது, தேர்வு மையங்கள் எந்தெந்த ஊர்களில் உள்ளன, எவை தமிழில் உள்ளன என்பதை அரைப் பக்கத்தில் வெளியிட்டால், கைப்பேசியில் தேடத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்வார்கள். அப்படி வெளியானால் அந்தப் பக்கத்தை வெட்டி, எங்கள் ஆலைக் கேன்டீனின் அறிவிப்புப் பலகையில் மூன்று ஷிஃப்டுக்காரர்களும் பார்க்கும்படி ஒட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அனுமதியும் வாங்கிவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
தர ஆய்வாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.